மரத்துக்குக் கிடைத்த ஓய்வு

மலேசியாவின் நீலாய், லாபு, பாஜாம், மந்தின் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி நம்மவர் பேசும் நினைவுகளில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு வரும், கணக்கெழுதும் கிராணியின் பேரேடு வரும், லயன் வீடுகளும் மாரியம்மன் கோயில் திருவிழாவும் தமிழ்ப்பள்ளியும் வரும். மரம் சீவியவர்களின் கை அதிகம் வருவதில்லை. வந்தாலும் காய்த்துப்போன உள்ளங்கையாக, உழைப்புக்கு ஒரு பாராட்டாக வந்துவிட்டுப் போய்விடும். உள்ளங்கைக் காய்ப்பு கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேலே, முழங்கை முட்டியில், தோலுக்கு அடியில் நடந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. ‘கை கடுக்குது’ என்பார்கள், கோடாலித் தைலம் தேய்ப்பார்கள், மறுநாள் இருட்டோடு எழுந்து மரம் சீவும் வெட்டுக்குப் போவார்கள். வயசு, வாயு, குளிர் என்று அந்தக் கடுப்புக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. வேலைதான் காரணம் என்பது மட்டும் உரக்கச் சொல்லப்படவில்லை. வேலைதான் காரணம் என்று நான் சொல்கிறேன். அதற்கான ஆதாரத்தில் பாதி மேற்கை எலும்பின் கீழ்முனையில் இருக்கிறது. மறுபாதி ரப்பர் மரத்தின் பட்டையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காததால்தான் தோட்ட வாழ்க்கையின் கணக்கு இன்னும் குறையாகவே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

மருத்துவர்கள் ஹியூமரஸ் என்று சொல்லும் மேற்கை எலும்பு, தோளில் உருண்டையாகத் தொடங்கி, நடுவில் உருளையாக இறங்கி, முழங்கையை நெருங்கும்போது தட்டையாகி இரு பக்கமும் அகலும். அந்த அகன்ற முனையின் அடியில் குருத்தெலும்பு போர்த்த இரண்டு வழவழப்பான பரப்புகள் ஒட்டி நிற்கின்றன. உட்பக்கம் இருப்பது கிணற்றுக் கப்பியைப் போல நடுவில் பள்ளம் விழுந்தது. முன்கையின் உட்புற எலும்பான அல்னா அதைக் கவ்விக்கொண்டு சுழல்கிறது. வெளிப்பக்கம் இருப்பது சிறு குமிழ். அதன்மேல் முன்கையின் மற்றோர் எலும்பான ஆரையின் வட்டத் தலை அமர்ந்து, கை மடங்கும்போது வழுக்கியும் உள்ளங்கை திரும்பும்போது சுழன்றும் வேலை செய்கிறது. கப்பியின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. அதனால் கையை நீட்டி உள்ளங்கையை முன்னே காட்டினால் முன்கை உடம்பைவிட்டுச் சற்று விலகி நிற்கும். பெண்களுக்கு அந்தக் கோணம் கொஞ்சம் கூடுதல். முனை முழுவதும் ஏறக்குறைய 30 பாகை முன்னால் சாய்ந்திருப்பதும், மேலே முன்பக்கம் குழிகள் இருப்பதும் சேர்ந்துதான் கையை மடக்கித் தோளைத் தொட விடுகின்றன. பின்பக்கம் ஆழமான ஒரு குழி உண்டு. கையை முழுக்க நீட்டும்போது அல்னாவின் முட்டிமுனை அதில் போய் அடங்கும். முன்குழிக்கும் பின்குழிக்கும் நடுவே மிஞ்சியிருப்பது வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய எலும்புத் தகடு. ஆகவே பாரமெல்லாம் இரு ஓரங்களிலும் தூண்போல இறங்கும் எலும்பின்மேல்தான் விழுகிறது.

இங்கே எனக்கு முக்கியமானவை அந்தத் தூண்களின் ஓரத்தில் புடைத்திருக்கும் இரண்டு முண்டுகள். முழங்கையைத் தடவினால் இரண்டும் விரலில் தட்டுப்படும். உள்முண்டு பெரியது, வெளிமுண்டு சிறியது. மணிக்கட்டை உள்ளே மடக்கும் தசைகள் பலவும் உள்முண்டிலிருந்து புறப்படுகின்றன, பின்னே தூக்கும் தசைகள் பலவும் வெளிமுண்டிலிருந்து. விரலும் மணிக்கட்டும் செய்யும் வேலைக்கு முழங்கை நோவது இதனால்தான். ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கப் பார்க்கும். மணிக்கட்டு மடங்கிவிட்டால் பிடி தளர்ந்துபோகும். அதைத் தடுக்க வெளிமுண்டுத் தசைகள் அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் இழுத்து மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கின்றன. ஆக, கத்தியை இறுகப் பிடித்திருக்கும் வரைக்கும், கத்தி அசையாத நேரத்திலும்கூட, வெளிமுண்டில் இழுவை ஓயாது. அங்கே பல தசைகளுக்குப் பொதுவான தசைநாண் சின்ன இடத்தில் எலும்பைப் பற்றியிருக்கிறது, அதற்கு இரத்த ஓட்டமும் குறைவு. அமெரிக்க மருத்துவர்கள் நிர்ஷல், பெட்ரோன் இருவரும் அறுவைச் சிகிச்சையில் எடுத்த தசைநாண்களை ஆராய்ந்து 1979இல் எழுதினார்கள். அழற்சியில் கூட்டமாக வந்து சேரும் அணுக்களை அவர்கள் அங்கே அதிகம் காணவில்லை. கண்டது ஒழுங்கு குலைந்த இழைகளையும் முதிராத இரத்தக் குழாய்களையும். நுண்ணிய கிழிசல் ஆறுவதற்குள் மறுபடி கிழிந்து, ஆறாமலே தங்கிப்போன இடம் அது. தைலம் தேய்த்தால் சூடேறி வலி மறக்கும். இழைகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ள வேண்டியது நாள்கள், அந்த நாள்களில் அளவான வேலை.

இனி வெட்டுக்கு வருவோம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி செய்து காட்டிய முறைதான் மலாயா முழுதும் பரவியது. புதுப்புது இடத்தில் மரத்தைக் கொத்தாமல், ஒரே வெட்டுவாயைத் திரும்பத் திரும்பத் திறந்து, ஒவ்வொரு தடவையும் பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பது அந்த முறை. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஒட்டுக்கட்டிய மரத்தில் சுமார் 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஓடும். சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் போல. பால்குழாய்கள் நெருங்கியிருப்பது பட்டையின் உள்ளடுக்கில். அதை அடுத்து, மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய படலம். அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றாக வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும், கூடிவிட்டால் மரத்தில் காயம், காயத்துக்கு ஏச்சு. மலேசியத் தோட்டங்களில் பழகிய ஜெபோங் கத்தி இழுத்துச் சீவுவது. இழுக்கும்போது முழங்கை மடங்கி, கப்பியில் அல்னா சுழலும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்ற மணிக்கட்டு இறுகி நிற்கும். பலமும் நுணுக்கமும் ஒரே தசைகளிடம் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டன. ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும், 500 மரம் கொண்ட ஒருநாள் வெட்டுக்கு 5,000 இழுப்பு ஆகிறது. இது தோராயக் கணக்கு, அதுவும் குறைத்துப் போட்ட கணக்கு. சீவி முடித்ததும் அன்றைய வேலை முடிந்துவிடாது. ஒட்டுப்பால் உரித்தது, பால் வடியும் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றியது, காண்டா வாளியைத் தோளில் ஏற்றிப் பால் நிறுக்கும் இடம்வரை சுமந்தது எல்லாம் அதே கைதான். வெட்டு ஆளுயரத்துக்கு மேல் போன மரங்களில் நீண்ட பிடி போட்ட கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்துச் சீவினார்கள். முழங்கை நீண்ட நிலையில் பிடியை இறுக்குவது வெளிமுண்டுத் தசைநாணுக்குக் கடினமான வேலைகளுள் ஒன்று. மருத்துவர்கள் வெளிமுண்டு வலியைச் சோதிக்கும்போதும் முழங்கையை நீட்டி வைத்து மணிக்கட்டை எதிர்த்துத் தூக்கச் சொல்வதுண்டு.

மரத்தின் பக்கம் வேறு கதை நடந்தது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. பட்டையின் கனம், வெட்டின் சரிவு, ஆழம், ஆண்டுக்கு எவ்வளவு பட்டை செலவாகிறது, சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர எத்தனை ஆண்டு பிடிக்கிறது என்று மரத்தைப் பற்றி அளக்க வேண்டியதெல்லாம் அளந்து எழுதினார்கள். அந்த அறிவிலிருந்து தோட்டங்கள் கைக்கொண்ட விதிகளில் ஒன்று, மரத்தை நாள்தோறும் சீவக்கூடாது என்பது. ஒருநாள் சீவினால் ஒருநாள் விட வேண்டும். அளவு மீறிச் சீவப்பட்ட மரத்தில் பால் வற்றும், வெட்டுவாய் காய்ந்து பழுப்பேறும். அதற்கு முதல் வைத்தியம் சீவாமல் விடுவது. ஆகவே ரப்பர்க் காட்டைப் பிரித்து இன்றைக்கு ஒரு பகுதி, நாளைக்கு ஒரு பகுதி என்று முறை வைத்தார்கள். மரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்ந்திருந்தது. இரண்டு பகுதியையும் சீவியவர் ஒருவரே. 1970களில் எத்ரல் மருந்து வந்தது. பட்டையில் அதைத் தடவினால் பால் நிற்காமல் நெடுநேரம் ஓடும், அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை சீவினாலே போதும் என்ற நிலை உண்டானது. மரத்தின் ஓய்வு நீண்டது. சீவுகிறவருக்குக் கிடைத்தது மூன்றாவது பகுதி, நான்காவது பகுதி. நீலாய் வட்டார நினைவுகளை எழுத உட்காரும் ஒவ்வொருவரும் இந்த ஓர் ஏற்பாட்டை நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். திசுவுக்கு ஆறும் நேரம் வேண்டும் என்ற உண்மை அந்த நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. மரத்தின் திசுவுக்கு அது எழுத்தில் இருந்தது, அதன்படி அட்டவணை போடப்பட்டது. அதே அட்டவணையில் கைக்கு ஓர் இடம் இல்லை.

மழை பெய்தால் வெட்டு இல்லையே, இலையுதிர்காலத்தில் வெட்டு குறையுமே, அதெல்லாம் ஓய்வுதானே என்று கேட்கலாம். மழைநாளில் மரம் சீவ முடியாது என்பது உண்மை, ஈரப்பட்டையில் பால் வழிந்து வீணாகும். ஆனால் மழையில் தவறிப்போன வெட்டைப் பின்னர் ஈடுகட்டச் சீவுவதும் தோட்ட வழக்கம்தான். சீவாத நாளில் வெளிக்காட்டு வேலை கொடுக்கப்பட்டால் கையில் கத்திக்குப் பதிலாக வேறு கருவி. வேலையே இல்லாவிட்டால் கூலி குறைந்தது. நாட்கூலியும், அளவுக்கு மேல் கொண்டுவரும் பாலுக்குக் கூடுதல் காசும் என்று வருமானம் அமைந்த இடத்தில் ஓய்வு என்பது சம்பள வெட்டு. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உள்பட எத்தனையோ குரல்கள் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் எழுந்தன. தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். கூலிக் கணக்கை எடுத்துவிட்டு முழங்கையை மட்டும் தனியாகப் பார்த்தால், இத்தனை வலியோடு ஏன் போனார்கள் என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தாய்லாந்திலும் இலங்கையிலும் மரம் சீவுவோரிடம் நடந்த ஆய்வுகள் முதுகுவலியைத்தான், அதிலும் இடுப்புப் பக்கத்து வலியைத்தான், பெரும் சிக்கலாக எடுத்துப் பேசுகின்றன. அப்படியிருக்க முழங்கையை முன்னிறுத்துவது சரியா? எந்த உறுப்பு அதிகம் நொந்தது என்பதல்ல என் கேள்வி. குனிந்து சீவிய முதுகு நோவும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அது ஊருக்கே தெரியும். முழங்கையில் வலிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்கு எட்டாத தொடர்பு, அதனால்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டம் பக்கமே போகாதவர்களுக்கும், குமாஸ்தாக்களுக்கும், பந்து விளையாடுவோருக்கும் இதே வலி வருகிறதே என்பதும் சரியே. ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1873இலேயே எழுதுவோரின் கையில் இதை விவரித்திருக்கிறார். வயது 40ஐ ஒட்டி இது கூடுவதும் உண்மை. ஆனால் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சொன்னதைக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் முழங்கை முண்டு வலிக்குக் காரணம் என்று நிறுவப் போதிய சான்று இல்லை. பலத்தைச் செலுத்துவது மட்டும் காரணம் என்பதற்குச் சான்று உண்டு. பலம், மீண்டும் மீண்டும் செய்தல், உடம்பு நிற்கும் நிலை ஆகியவை ஒன்றுசேரும்போது சான்று வலுவாக இருக்கிறது. மரம் சீவுவதில் இவை மூன்றும் ஒவ்வோர் இழுப்பிலும் ஒன்றாக இருந்தன. வயது ஒரு காரணம் என்றால், அந்த வயதில் அந்தத் தசைநாண் எத்தனை இழுப்பைச் சுமந்து வந்திருக்கிறது என்பதையும் கேட்டுத்தான் தீர வேண்டும். பெண்கள் விஷயத்தில் வீட்டு வேலையைக் காட்டுகிறார்கள். அம்மி, துணி துவைப்பு, தண்ணீர் சுமப்பு எல்லாம் அதே முண்டில்தான் விழுந்தன, மறுப்பில்லை. வெட்டுக்கு முன்னும் பின்னும் வீட்டு வேலை காத்திருந்தது என்பது வெட்டின் பங்கைக் குறைக்காது, ஆறுவதற்கு இருந்த நேரத்தைத்தான் குறைக்கும்.

எலும்பிடம் மிகையாகச் சாட்சி கேட்கக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உழைப்பு எலும்பை மாற்றும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1977இல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தபோது, ஆடும் கையின் எலும்புச் சுவர் மறுகையைவிட ஆண்களிடம் சுமார் 35 சதவிகிதமும் பெண்களிடம் சுமார் 28 சதவிகிதமும் தடித்திருந்தது. ஃபின்லாந்தில் 1995இல் வெளியான ஆய்வு, பூப்படையும் வயதுக்கு முன்பே அல்லது அதையொட்டி மட்டையைப் பிடித்த பெண்களிடம் ஆட்டத்தால் ஆடும் கையின் எலும்புக்குக் கிடைத்த பலன், பின்னால் ஆடத் தொடங்கியவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டியது. பள்ளி விட்டதும் ஒட்டுப்பால் பொறுக்கப் போய், வளர்ந்து முடிவதற்குள் கத்தி பிடித்த பிள்ளைகளின் கையில் எலும்பு எப்படிக் கனத்திருக்கும் என்று ஊகிக்க இது இடம் தருகிறது. ஊகம் என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். தனியொருவரின் எலும்பை வைத்துக்கொண்டு இவர் இன்ன வேலை செய்தவர் என்று சொல்ல முடியாது. தொல்மானிடவியலாளர் இந்த விஷயத்தில் இப்போது மிகுந்த எச்சரிக்கையோடு பேசுகிறார்கள். சிலருக்கு முன்குழிக்கும் பின்குழிக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை இருக்கும். அதைக் கடும் உழைப்பின் அடையாளமாகச் சொல்லும் ஆசை எளிதில் வரும், ஆனால் அது பெண்களிடமும் இடக்கையிலும் அதிகம் காணப்படுவதால் உழைப்பை மட்டும் வைத்து விளக்க முடியாது. அதேபோல, கோணிப்போன முழங்கை எல்லாவற்றையும் வெட்டின் கணக்கில் எழுதவும் கூடாது. மரத்திலிருந்து விழும் பிள்ளைகளுக்கு மேற்கை எலும்பு இந்தத் தட்டையான முனைக்குச் சற்று மேலே முறிவது மிகச் சாதாரணம். சரியாகப் பொருந்தாமல் கூடினால் கை உள்பக்கம் வளைந்து நிற்கும். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று முன்கைத் தசையே சுருங்கிப்போகும் என்பதை ஃபோல்க்மன் 1881இல் எழுதினார். வெளிப்பக்கத் துண்டு உடைந்து கூடாமல் போனால், பல ஆண்டுகள் கழித்து உள்முண்டுக்குப் பின்னே ஓடும் நரம்பு இழுபட்டுச் சுண்டுவிரல் மரத்துப்போகும். இவை உழைப்பின் காயங்கள் அல்ல. இவற்றை விலக்கிவிட்டுப் பார்க்கும்போதுதான் மிச்சமிருப்பது வலுவான சாட்சியாகும்.

மிச்சமிருப்பதோ எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதது. தசைநாண் நோயில் எலும்புப் படம் சுத்தமாகவே இருக்கலாம். காய்ச்சலை வெப்பமானி காட்டும், மலேரியாவை இரத்தத்துளி காட்டும், கத்தி வெட்டைக் கண்ணே காட்டும். வெளிமுண்டு வலிக்குக் காட்ட ஒன்றும் இல்லை, சொல்ல மட்டுமே உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இயங்கத் தொடங்கியபோது வேலை விபத்தோடு தொழில்நோயும் அதன் பாதுகாப்பில் வந்தது. விரல் துண்டானால் அந்தப் பாதுகாப்பை நாடுவது எளிது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வலியை வேலையோடு முடிச்சுப்போட்டுக் காட்ட வேண்டுமென்றால் வேலையின் அசைவு தெரிந்த மருத்துவர் வேண்டும், வேலைக் காலத்தைக் காட்டும் பதிவு வேண்டும், இரண்டையும் இணைத்து எழுதித்தர ஆள் வேண்டும். வலியை வாயுவென்று எண்ணித் தைலத்தோடு நிறுத்திக்கொண்டவர் அந்த வாசலுக்கே போயிருக்கமாட்டார்.

நீலாயைச் சுற்றி இப்போது ரப்பர் அரிது. பக்கத்துச் சிப்பாங்கில் 1998இல் விமான நிலையம் திறந்தது. தோட்டமாயிருந்த நிலத்தில் புத்ரா நீலாய் நகரும், பல்கலைக்கழகங்களும் எழுந்தன. அவற்றுள் ஒன்றில் மருத்துவப் புலமும் உண்டு. மேற்கை எலும்பின் கப்பியையும் குமிழையும் மாணவர்கள் கற்கும் ஊரில், அந்த எலும்பை வைத்து மரம் சீவியவர்கள் இன்னும் தாமான் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அவர்களைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வெளிமுண்டை விரலால் அழுத்திப் பார்ப்பது, முழங்கையை நீட்டி மணிக்கட்டை எதிர்த்துத் தூக்கச் சொல்வது, சுண்டுவிரலில் உணர்ச்சி இருக்கிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றியிருக்கிறதா என்று பார்ப்பது, இரு கையையும் ஒப்பிடுவது. இன்னும் எஞ்சியுள்ள தோட்டங்களில் செம்பனை. அங்கே குலையை உளியால் குத்தித் தள்ளுகிறவரின் முழங்கை ஒவ்வொரு குத்திலும் நீண்டு அதிர்கிறது. நீண்ட கம்பத்து அரிவாளை அண்ணாந்து இழுக்கிறவரின் பிடி நாள் முழுதும் இறுகியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். கிளினிக் சீட்டில் வயதை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கை என்ற மூன்று விவரம் சேர்ந்தால், நம் பெற்றோர் தலைமுறைக்கு எழுதப்படாமல் போன பதிவு இவர்களுக்காவது இருக்கும்.